பைக்கைப் பார்த்துப் பூரித்த மனசு... வாக்யூம் கிளீனரைப் பார்த்துப் பூரிக்கும் வயசு!

20 வயதில் புது பைக். 25-ல் புது போன். 30-ல் கோவா டூர். 40-ஐத் தாண்டியதும்?

இரவு சாப்பாடு முடிந்து, படுக்கையில் சாய்ந்தபடி, சோபா இடுக்கில் கிடக்கும் பிஸ்கட் தூளை ஒரு மெஷின் ‘சர்ர்...’ரென்று இழுத்துக்கொள்ளும் வீடியோவை மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருப்பவரைத் தட்டி, ‘இங்க பாருங்களேன், ஒரு மெத்தையில இருந்து எவ்வளவு தூசி வருது!’ என்று காட்டவும் செய்வார்கள். கல்யாண வீட்டில் பழைய தோழிகள் சந்தித்துக்கொண்டால்கூட, பேச்சு புடவையில் தொடங்கி, ‘உங்க வீட்டு மெஷின் மாப்பும் போடுமா?’ என்பதில் வந்து நிற்கும்.

பிள்ளைகள் சிரிப்பார்கள். ‘இதுக்கெல்லாமா எக்ஸைட் ஆவீங்க?’

ஆவார்கள். அதற்கான காரணம் முழங்காலில் கொஞ்சம் இருக்கிறது, மனசில் கொஞ்சம் இருக்கிறது. வீட்டில் இத்தனை வருடம் துடைப்பம் யார் கையில் இருந்தது என்பதில் மீதி இருக்கிறது.

அச்சு முறிந்த ஊரும் ஆடிக் காற்றும்

சென்னையிலிருந்து திருச்சி போகும் தேசிய நெடுஞ்சாலையில், மதுராந்தகம், மேல்மருவத்தூரைத் தாண்டியதும் வருகிறது அச்சரப்பாக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தின் பேரூராட்சிகளில் ஒன்று. திருஞானசம்பந்தர் தேவாரம் பாடிய ஆட்சீஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான், விநாயகரை வணங்காமல் கிளம்பியதால் தேரின் அச்சு இந்த இடத்தில் முறிந்தது என்கிறது தல வரலாறு. அச்சு இற்ற ஊர் ‘அச்சிறுபாக்கம்’ ஆனது, பேச்சில் அச்சரப்பாக்கம். வண்டி வாங்கினாலும் மெஷின் வாங்கினாலும் பிள்ளையாருக்கு ஒரு சூறைத்தேங்காய் விட்டுவிட்டுத் தொடங்குகிறவர்களுக்கு, இந்த ஊர்க் கதை நன்றாகவே புரியும்.

ஊருக்கு ஒரு பக்கம் லாரியும் பஸ்ஸும் ஓயாத நெடுஞ்சாலை. இன்னொரு பக்கம் எழும்பூர் - விழுப்புரம் ரயில் பாதை. சுற்றிலும் வயலும் ஏரியும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசு, கோடையில் மண் புழுதி. ஆடி பிறந்தால் கேட்கவே வேண்டாம். அம்மியே பறக்கும் என்கிற காற்றில் புழுதி பறக்காமல் இருக்குமா? ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாலும், அந்த வலையிலேயே ஒரு படலம் படியும். காலையில் துடைத்த டி.வி ஸ்டாண்டில் மாலையில் விரலால் கோலமே போடலாம்.

இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு வீட்டைப் பெருக்குவது எத்தனை வேலை என்று எண்ணிப் பாருங்கள். விடிந்ததும் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம். பிறகு உள்ளே வந்து ஹால், அறைகள், சமையலறை. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் சிந்தியது, சிதறியது எல்லாவற்றையும் கூட்டி இன்னொரு முறை. மாலையில் விளக்கு வைப்பதற்கு முன் மறுபடி ஒரு முறை, ஏனென்றால் விளக்கு வைத்த பிறகு பெருக்கினால் மகாலட்சுமி போய்விடுவாள் என்பது வழக்கம். போகிக்கும் ஆயுத பூஜைக்கும் வரும் ஒட்டடை அடிப்பும், பரண் சுத்தமும் இந்தக் கணக்கில் சேராது.

வாசலுக்குத் தென்னந்துடைப்பம், வீட்டுக்குள் பூந்துடைப்பம். இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. பிடிக்கிறவர் குனிந்தாக வேண்டும். 20 வயதில் குனிவது ஒரு விஷயமே இல்லை. 45-ல் கட்டிலுக்கு அடியில் குனிந்து பெருக்கிவிட்டு நிமிரும்போது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. வாக்யூம் கிளீனர் விளம்பரம் கண்ணில் படுவது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

வயது ஏற ஏற சாதாரணமே சந்தோஷம்

முழங்கால் வலி மட்டும்தான் காரணம் என்றால், வாங்கினதும் நிம்மதி வரலாம், பூரிப்பு எதற்கு? பூரிப்பைப் பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது.

அமித் பட்டாச்சார்ஜி, கேஸி மோகில்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மனிதர்களுக்கு எந்த மாதிரி அனுபவங்கள் மகிழ்ச்சி தருகின்றன என்று ஆராய்ந்து 2014-ல் கட்டுரை வெளியிட்டார்கள். இளைஞர்கள் தங்களை இன்னார் என்று அடையாளப்படுத்திக்கொள்வது பெரும்பாலும் அபூர்வமான அனுபவங்களால். மலையேற்றம், வெளிநாட்டுப் பயணம் போன்றவை. வயது ஏற ஏற, தனக்கு மிச்சமிருக்கும் காலம் எல்லையற்றது இல்லை என்ற உணர்வு வர வர, அன்றாடத்தின் சாதாரண அனுபவங்களும் அதே அளவுக்கு மகிழ்ச்சி தரத் தொடங்குகின்றன என்பது அவர்கள் கண்டது. நல்ல காபி, மாடியில் காயும் துணியின் வாசம், மணல் நெருடாத தரையில் வெறுங்காலோடு நடப்பது. இவையெல்லாம் 20 வயதிலும் வீட்டில் இருந்தவைதான். கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இன்னோர் ஆய்வு 2017-ல் வந்தது. ஆஷ்லி வில்லன்ஸ் தலைமையிலான குழு, கனடாவின் வான்கூவர் நகரில் வேலைக்குப் போகும் 60 பேரிடம் இரண்டு வார இறுதிகளில் தலா 40 டாலர் கொடுத்தது. ஒரு வாரம் ஏதாவது பொருள் வாங்க வேண்டும். இன்னொரு வாரம் தங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் ஏதாவது ஒன்றுக்குச் செலவழிக்க வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்தச் செலவழித்த நாளில்தான் அவர்கள் அதிக மகிழ்ச்சியாக இருந்ததாகச் சொன்னார்கள்.

அப்படியானால், 50 வயது அம்மா ஆசையாகப் பார்ப்பது பிளாஸ்டிக் உருளையையும் குழாயையுமா? அவர் பார்ப்பது, காலை 10 மணிக்குத் தன் கையில் மிஞ்சப்போகும் அரை மணி நேரத்தை.

வாஷிங் மெஷின் முன்னால் உட்கார்ந்த பாட்டி

ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்ஸ் ரோஸ்லிங், உலகப் புள்ளிவிவரங்களைக் கதைபோலச் சொன்ன மருத்துவர். 2010-ல் அவர் பேசிய ஒரு புகழ்பெற்ற உரை, வாஷிங் மெஷினைப் பற்றியது. அவருக்கு 4 வயதாக இருந்தபோது வீட்டுக்கு முதல் வாஷிங் மெஷின் வந்தது. அதைப் பார்க்கப் பாட்டியையும் அழைத்திருந்தார்கள். பாட்டி, வாழ்நாளெல்லாம் விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சி, 7 பிள்ளைகளின் துணிகளைக் கையால் துவைத்தவர். பொத்தானைத் தானே அழுத்துவேன் என்று கேட்டு வாங்கி அழுத்தினார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெஷின் துவைத்து முடிக்கும்வரை அதன் முன்னாலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டியின் இடத்தில் நம் ஊர்ப் பாட்டிகளை வைத்துப் பார்ப்பது கஷ்டமே இல்லை. முதல் மிக்ஸியில் சட்னி அரைத்த நாள், முதல் கிரைண்டரில் மாவு பொங்கிய நாள் அவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். ஒரு வேலையைக் கையால் செய்து தேய்ந்தவருக்குத்தான் அந்த வேலையைச் செய்யும் மெஷினின் அருமை தெரியும். பேரனுக்கு அது இன்னொரு சாதனம். பாட்டிக்கு அது 50 வருடக் கைவலிக்குக் கிடைத்த பதில்.

அம்மி போனது, ஆட்டுக்கல் போனது... துடைப்பம் மட்டும்?

தமிழ்நாட்டுச் சமையலறையின் பெரும்பாரத்தை இறக்கிவைத்தது கோயம்புத்தூர். 1955-ல் பி.சபாபதி அங்கே வெட் கிரைண்டரை உருவாக்கினார். பிறகு அந்த ஊரின் பெரிய தொழிலாகவே வளர்ந்து, ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்று புவிசார் குறியீடும் பெற்றது. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி திட்டத்தைத் தொடங்கியபோது, ரேஷன் கார்டு வைத்திருந்த வீடுகளுக்குள் அவை மூன்றும் ஒன்றாக நுழைந்தன. இன்றைக்குப் பல வீடுகளில் அம்மிக்கு மிச்சமிருக்கும் முக்கிய வேலை, கல்யாணத்தில் மணமகள் மிதிப்பதற்கு நிற்பது.

அரைப்பதற்கு மெஷின் வந்தது. துவைப்பதற்கும் வந்தது. பெருக்குவதற்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்?

முதல் காரணம் தரை. மேலைநாட்டு வீடுகளில் சுவரிலிருந்து சுவர்வரை விரித்த கம்பளம். துடைப்பத்தால் அதில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நம் வீட்டுத் தரை சிமென்ட், மொசைக், இப்போது டைல்ஸ். பூந்துடைப்பமே போதுமென்று தோன்றும். இரண்டாவது காரணம் விலை. துடைப்பத்தின் விலையையும் மெஷினின் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் பெருமூச்சோடு நகர்ந்துவிடுவார்கள்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. துடைப்பத்தின் விலையை மட்டும் கணக்குப் போடுகிறோம். அதைப் பிடித்த கையின் நேரத்துக்கு விலையே போட்டதில்லை.

அந்த நேரத்தை மத்திய அரசின் புள்ளியியல் துறை அளந்திருக்கிறது. மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 1998-99-ல் நடந்த முன்னோட்டக் கணக்கெடுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 6 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நாடு முழுவதுக்குமான கணக்கெடுப்பு 2019-ல் நடந்தது. அதன்படி, கூலியில்லா வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடங்கள். கிட்டத்தட்ட 5 மணி நேரம். அதே வேலையைச் செய்யும் ஆண் செலவிட்டது 97 நிமிடங்கள். அதுவும் வேலை செய்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. பெண்களில் 81.2 சதவிகிதம் பேர் வீட்டு வேலை செய்தார்கள் என்றால், ஆண்களில் 26.1 சதவிகிதம் பேர்தான் செய்தார்கள்.

5 வருடங்கள் கழித்து, 2024-ல் மறுபடி கணக்கெடுத்தார்கள். பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகக் குறைந்திருந்தது. 10 நிமிடம் மிச்சம். ஆண்கள் அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார்களா? அவர்களுடைய நேரமும் 97-லிருந்து 88 நிமிடங்களாகக் குறைந்துதான் இருந்தது.

ஆஸ்துமா தந்த மெஷின்

வாக்யூம் கிளீனரின் கதையே வேடிக்கை பார்த்தலில்தான் தொடங்குகிறது. 1901-ல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசியை ஊதித் தள்ளும் ஒரு மெஷினின் செயல்விளக்கத்தைப் பார்த்தார். ஊதினால் தூசி வேறு இடத்தில் போய் உட்காருமே, உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஒரு ரெஸ்டாரன்ட்டில், நாற்காலியின் மெத்தைமீது கைக்குட்டையை வைத்து, வாயாலேயே காற்றை உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் மறுபுறம் கறுப்பாக அழுக்கு ஒட்டியிருந்தது. யோசனை சரிதான்.

அவர் செய்த மெஷின் வீட்டுக்குள் நுழையாது. குதிரை வண்டியில் வைத்துத் தெருவில் நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாக நீளமான குழாய்களை உள்ளே விடுவார்கள். போகிற அழுக்கு வெளியே தெரியும்படி கண்ணாடிக் குழாய்களையும் பொருத்தினார். கூட்டம் கூடி நின்று பார்த்தது. 1902-ல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளத்தைச் சுத்தம் செய்ததும் இந்த மெஷின்தான். 1993-ல் ஜேம்ஸ் டைசன் தன் பெயரில் மெஷின் கொண்டுவந்தபோது, அழுக்கை யாரும் பார்க்க விரும்ப மாட்டார்கள் என்று மார்க்கெட்டிங் ஆட்கள் தடுத்தும், தூசிப்பெட்டியைக் கண்ணாடிபோலத் தெரிகிற பிளாஸ்டிக்கில்தான் செய்தார். மக்கள் பார்க்கவே விரும்பினார்கள். அதற்கு முன் அவர் செய்து பார்த்த மாதிரிகளின் எண்ணிக்கை 5,127.

பூத்தின் ராட்சத மெஷினை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் ஒரு துப்புரவுப் பணியாளர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு பல்பொருள் அங்காடியைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர். 60-ஐ நெருங்கிக்கொண்டிருந்த வயது, கூடவே ஆஸ்துமா. பெருக்கும்போது கிளம்பும் தூசி மூச்சை அடைத்தது. ஒரு மின்விசிறியின் மோட்டார், ஒரு பெட்டி, துடைப்பக்கட்டை, தூசியைப் பிடிக்க ஒரு தலையணை உறை. இவற்றை இணைத்து ஒரு மெஷின் செய்தார். 1908-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதை அவரிடமிருந்து வாங்கித் தொழிலாக வளர்த்தவர் வில்லியம் ஹூவர்.

வயதாகி, மூச்சு வாங்கி, இனி குனிந்து பெருக்க முடியாது என்ற நிலையில் இருந்த ஒருவர்தான் வீட்டு வாக்யூம் கிளீனரைத் தந்தார். வயதானவர்கள் அதைக் கண்டு பூரிப்பதில் ஆச்சர்யம் என்ன?

டை கட்டி வந்த சேல்ஸ்மேன்

இந்திய வீடுகளில் இந்த மெஷினைப் பரவலாக்கியது 1982-ல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ். ஃபோர்ப்ஸ் நிறுவனமும் ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸும் சேர்ந்து உருவாக்கிய கம்பெனி அது. கடையில் வைத்து விற்காமல், வீடு வீடாகக் கதவைத் தட்டியது. டை கட்டிய இளைஞர் பெட்டியோடு வந்து, சோபாவையும் மெத்தையையும் உறிஞ்சிக் காட்டிய நாள்கள், 80-களிலும் 90-களிலும் நகரங்களில் வளர்ந்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அம்மாவுக்கு வாய்விட்டுக் கேட்க ஆசை. அப்பா விலையைக் கேட்டுவிட்டு, ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்பார்.

அன்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்று 40, 45 வயது. 2002-ல் ரூம்பா போன்ற ரோபோக்கள் சந்தைக்கு வந்து, பிறகு ஒயர் இல்லாத கைப்பிடி மாடல்கள் வந்து, 2018 ஜூலையில் இவற்றுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்து, இப்போது போனிலேயே ஆர்டர் போட்டால் அச்சரப்பாக்கம் வீட்டு வாசலுக்கும் பெட்டி வந்துவிடுகிறது. இந்தப் பூரிப்பில் கொஞ்சம், அம்மாவுக்காகவும் சேர்த்துப் படுவது.

துடைப்பம் தொடாத கை மெஷினைத் தொடுமா?

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். துடைப்பத்துக்கு நம் ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. அதைக் காலால் மிதிக்கக் கூடாது, விருந்தாளி கண்ணில் படக் கூடாது, கதவுக்குப் பின்னால்தான் சாத்த வேண்டும். ஒருவரைக் கேவலப்படுத்த வேண்டுமென்றால் தொடப்பக்கட்டை பேச்சில் வந்துவிடும். ஆண் பிள்ளை கையில் எடுத்தால், ‘நீ ஏன்டா அதைத் தொடுற, தங்கச்சிகிட்ட குடு’ என்று பிடுங்கிய வீடுகள் ஏராளம்.

மெஷினுக்கு அந்தப் பெயர் இல்லை. மோட்டார், பேட்டரி, அட்டாச்மென்ட் என்று வந்ததும் அது ‘டெக்னாலஜி’ ஆகிவிடுகிறது. 30 வருடம் துடைப்பத்தைத் தொடாதவர்கூட, பெட்டியைப் பிரித்து, மேனுவலைப் படித்து, ஒவ்வொரு நாசிலாக மாட்டிப் பார்ப்பார். ஃபேன் றெக்கை, ஜன்னல் வலை, கார் சீட் என்று அன்றைக்கு முழுக்க ஓயாமல் ஓடும். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பூ சாத்துவதும் அவராகவே இருக்கும்.

கேள்வி இரண்டாவது வாரத்தில் வருகிறது. புதுசு தீர்ந்த பிறகு, தூசிப்பெட்டியைக் கொட்டுவது யார்? ஃபில்டரைக் கழுவிக் காயவைப்பது யார்? ரோபோ ஓடுவதற்கு முன் தரையில் கிடக்கும் பாய், பொம்மை, சார்ஜர் ஒயரை எல்லாம் எடுத்துவைப்பது யார்?

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன், 1983-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் எச்சரித்தார். புத்தகத்தின் பெயரே ‘மோர் வொர்க் ஃபார் மதர்’. வீட்டு வேலைக்கு மெஷின்கள் வந்த பிறகும் அமெரிக்கத் தாய்மார்களின் வேலை குறையவில்லை என்று அவர் காட்டினார். முன்பு கம்பளத்தை வெளியே தூக்கிப்போய் அடித்துத் தட்டுவதில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு இருந்தது. வாக்யூம் கிளீனர் வந்ததும் அது அம்மா ஒருவரே செய்யும் வேலையானது. கூடவே, வீடு எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் ஏறியது. எப்போதோ செய்த வேலையை வாராவாரம் செய்ய வேண்டியதாயிற்று.

மெஷின் வந்த வீடுகளில் ‘அதான் மெஷின் இருக்கே’ என்ற வாசகம் கேட்கத் தொடங்கினால் உஷாராக வேண்டும். கிரைண்டர் இருப்பதாலேயே மாவு தானாக அரைபடுவதில்லை. ஊறவைக்க, அள்ளிப்போட, கழுவிவைக்க ஒரு கை வேண்டும். அது இதுவரை யாருடைய கை என்பது எல்லோருக்கும் தெரியும்.

பூரிப்பு அவசரமாகாமல் இருக்க...

ஆசைப்பட்டு வாங்குவதில் தவறில்லை. ஆனால் நம் வீட்டுக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

* மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிப்பதைப் போலத்தான். உள்ளே இருக்கும் விசிறி காற்றை வெளியே தள்ள, உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தூசியையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. ‘வாட்ஸ்’ என்பது மோட்டார் இழுக்கும் கரன்ட்; உறிஞ்சும் திறன் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

* கரன்ட் பில் பயம் வேண்டாம். 1,200 வாட்ஸ் மெஷினைத் தினமும் 15 நிமிடம் ஓட்டினால், மாதத்துக்கு 9 யூனிட்தான் ஆகும்.

* வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, தூசி அலர்ஜி இருந்தால் ‘ஹெபா’ ஃபில்டர் உள்ளதா என்று பாருங்கள். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவிகிதத்தைப் பிடிப்பதே அதற்கான அமெரிக்கத் தர அளவு. மெத்தை, தலையணைகளில் வாழும் தூசிப்பூச்சிகளின் கழிவுகளும் அலர்ஜியைத் தூண்டும் என்பதால், தரையோடு மெத்தையையும் சேர்த்துச் சுத்தம் செய்வது நல்லது. தூசிப்பெட்டியை அலர்ஜி இல்லாத ஒருவர், வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

* உலர் சுத்தத்துக்கு மட்டுமான மெஷினில் தண்ணீரை உறிஞ்சக் கூடாது. ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு. ஈரம் வேண்டுமென்றால் ‘வெட் அண்ட் டிரை’ மாடல்தான்.

* சாம்பிராணித் தட்டில் இருக்கும் சாம்பல், ஊதுவத்திக் கங்கு, சூடான எதையும் உறிஞ்சக் கூடாது. உள்ளே இருக்கும் தூசியும் முடியும் தீப்பற்றும். கோலமாவு, விபூதி போன்ற நைஸான பொடிகள் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். அவற்றுக்குத் துடைப்பமே உத்தமம்.

* நீளமான கூந்தல் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில், உருளும் பிரஷ்ஷில் முடி சுற்றும். வாரம் ஒருமுறை கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். கழுவிய ஃபில்டர் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

* ரோபோ வாங்குவதற்கு முன் வீட்டின் நிலைப்படிகளையும் கட்டிலின் உயரத்தையும் அளந்து பாருங்கள். அறைக்கு அறை படி வைத்த பழைய வீட்டில் அது ஓர் அறையோடு நின்றுவிடும்.

* ஒயர் உள்ள மெஷின் என்றால், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அந்த ஒயர் காலைத் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகு வலியைக் குறைக்க வாங்கியது எலும்பு முறிவில் முடியக் கூடாது. கைப்பிடி மாடல் என்றால், கடையில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். எடை அதிகமாக இருந்தால் மணிக்கட்டு தாங்காது.

* சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது? மதுராந்தகத்திலா, செங்கல்பட்டிலா, தாம்பரத்திலா? ஃபில்டர், பேட்டரி தனியாகக் கிடைக்குமா? அச்சு முறிந்தால் தேரே நின்றுவிடும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாசல் இன்னமும் துடைப்பத்தின் ராஜ்ஜியம்தான். மண் தரையை, சருகை, தெளித்த தண்ணீரை எந்த வீட்டு மெஷினும் தென்னந்துடைப்பம் அளவுக்குச் சமாளிக்காது. நிலைப்படிக்கு உள்ளேதான் மெஷினுக்கு வேலை. அந்த நான்கு அறைகளில், ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மிச்சமானால்கூட வருடத்துக்கு 180 மணி நேரத்துக்கும் மேல். முழுதாக 7 நாள்கள்.

அந்த 7 நாள்களை அம்மா என்ன செய்வார்? புத்தகம் படிக்கலாம், தூங்கலாம், மேல்மருவத்தூருக்கு ஒரு நடை போய்வரலாம், ஒன்றும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மெஷினின் சுவிட்சைப் போடுவதும், தூசிப்பெட்டியைக் கொட்டுவதும் வீட்டில் இருக்கும் மற்றவர்களின் முறையாக இருக்கட்டும். ‘இதுக்கெல்லாமா எக்ஸைட் ஆவீங்க’ என்று கேட்ட பிள்ளையிலிருந்தே அந்த முறையைத் தொடங்கலாம்!